வந்து வந்து மறையும் ஆக்சிஜன் சென்சார் குறியீடும் ஓபிடிலிங்க் எம்எக்ஸ் பிளஸ்ஸும்: பழைய டிரக் வைத்திருப்பவருக்கான மதிப்புரை

ஓபிடிலிங்க் எம்எக்ஸ் பிளஸ் என்பது, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் (வண்டியின் கணினி பதிந்துவைக்கும் கோளாறுகளைப் படிப்பதற்கான துளை) செருகி, புளூடூத் வழியாகக் கைப்பேசியோடோ மடிக்கணினியோடோ இணைத்துக்கொள்ளும் ஒரு சிறிய அடாப்டர். அமெரிக்காவில் இதன் விலை ஏறத்தாழ 140 டாலர். பார்வைக்கு இதைப் போலவே இருக்கும் அடாப்டர்கள் இருபது டாலருக்கும் குறைவாக இணையக் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. அப்படியிருக்க, பழைய வண்டியைத் தானே பழுதுபார்த்து ஓட்ட நினைக்கும் ஒருவர் இந்த விலையைக் கொடுக்கத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு, ஒரே ஒரு வேலையை முன்வைத்துப் பதில் சொல்ல விரும்புகிறேன். 5.4 லிட்டர் வி8 இஞ்சின் உள்ள என் 2003ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-150 டிரக்கில், தோன்றுவதும் தானாகவே மறைவதுமாக இருந்த பி0155 என்ற ஆக்சிஜன் சென்சார் (புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் கருவி) கோளாறுக் குறியீட்டின் காரணத்தைக் கண்டுபிடித்ததுதான் அந்த வேலை. அடாப்டரோடு நான் பயன்படுத்திய மென்பொருள் ஃபோர்ஸ்கேன். அது ஃபோர்டு, மாஸ்டா, லிங்கன், மெர்குரி வண்டிகளுக்கென்றே எழுதப்பட்டது. எனவே இதை இரண்டுக்கும் சேர்த்த மதிப்புரையாகவே படிக்கலாம்.

வடகிழக்கு ஒஹாயோவில், கிளீவ்லாந்து, ஆக்ரன் நகரங்களை ஒட்டிய ஏழு கவுண்டிகளில், வண்டிகள் இரண்டாண்டுக்கு ஒருமுறை ஈ-செக் என்ற புகைச் சோதனையில் தேற வேண்டும். என் டிரக் வயதுள்ள வண்டிகளுக்கு அந்தச் சோதனை ஓபிடி சாக்கெட்டில் கருவியைச் செருகித்தான் நடக்கிறது. செக் இஞ்சின் விளக்கு எரிந்துகொண்டிருந்தால் வண்டி தேறாது. சோதனைக்கு முந்தைய நாள் குறியீட்டை அழித்துவிட்டுப் போகலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். ஆனால் குறியீட்டை அழிக்கும்போது வண்டியின் கணினி தன்னைத்தானே சோதித்துக்கொண்ட முடிவுகளும் சேர்ந்து அழிந்துவிடும். 2001 முதலான மாடல்களில் இந்தத் தற்சோதனைகளுள் ஒன்று மட்டுமே முடியாமல் இருக்கலாம். அதற்கு மேல் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனவே விட்டுவிட்டு வரும் குறியீட்டைப் பார்த்தும் பாராமல் ஓட்டுவது இங்கே பல காலம் செல்லாது.

பி0155 என்ன சொல்கிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. பலருடைய பணம் வீணாவது இந்த இடத்தில்தான். அது இரண்டாம் சிலிண்டர் வரிசையின் முதல் சென்சாரில் ஹீட்டர் மின்சுற்று சரியாக இல்லை என்கிறது. சென்சார் கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை. ஃபோர்டின் இந்த வி8 இஞ்சின்களில் 1 முதல் 4 வரையிலான சிலிண்டர்கள் பயணியின் பக்கமும், 5 முதல் 8 வரையிலானவை ஓட்டுநரின் பக்கமும் இருப்பதால், இரண்டாம் வரிசை என்பது ஓட்டுநரின் பக்கம். ஜெனரல் மோட்டார்ஸ் வி8 இஞ்சின்களில் முதல் சிலிண்டர் ஓட்டுநரின் பக்கம் இருப்பதால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். ஜெனரல் மோட்டார்ஸின் ஷெவ்ரலே ஓட்டிப் பழகியவர்கள் ஃபோர்டில் தவறான பக்கத்துச் சென்சாரைக் கழற்றுவதற்கு இதுவே காரணம். முதல் சென்சார் என்பது புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கு முன்னால் இருப்பது, இரண்டாவது அதற்குப் பின்னால் இருப்பது. ஆக மொத்தம் நான்கு சென்சார்கள்.

இந்தச் சென்சார்களின் உள்ளே இருக்கும் சிர்கோனியா என்ற பீங்கான் பகுதி ஏறத்தாழ 600 டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டை எட்டிய பிறகே நம்பத்தக்க அளவைத் தரும். புகைக்குழாயின் சூடு மட்டுமே அதை அந்த நிலைக்குக் கொண்டுவரக் காத்திருந்தால், காலையில் வண்டியைக் கிளப்பியதும் பல நிமிடங்கள் கணினி எரிபொருளைக் குத்துமதிப்பாகவே செலுத்த வேண்டியிருக்கும். அதற்காகத்தான் சென்சாருக்குள்ளேயே ஒரு சிறிய ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். நான்கு வயர்களில் இரண்டு ஹீட்டருக்கு, ஒன்று சென்சாரின் அளவுக்கு, மற்றொன்று அதன் திரும்பு வழிக்கு. ஹீட்டரின் ஒரு முனைக்கு ஃபியூஸ் வழியாக 12 வோல்ட் சாவி போட்டிருக்கும்போதெல்லாம் வருகிறது; மறுமுனையைக் கணினி தரையோடு, அதாவது வண்டியின் உலோக உடலோடு, இணைக்கும்போது ஹீட்டர் சூடாகிறது, துண்டிக்கும்போது நிற்கிறது. இணைத்தால் அந்த வயரில் மின்னழுத்தம் இறங்க வேண்டும், துண்டித்தால் பேட்டரியின் அளவுக்கு ஏற வேண்டும். தான் சொன்னபடி ஏறி இறங்குகிறதா என்று கணினி பார்க்கிறது. இல்லையென்றால் குறியீட்டைப் பதிகிறது. அதோடு ஹீட்டர் இழுக்கும் மின்னோட்டத்தையும் தனியாக அளக்கிறது. இதில் சென்சாரின் ஆக்சிஜன் அளக்கும் பகுதிக்குச் சம்பந்தமே இல்லை.

அப்படியிருந்தும், உதிரிபாகக் கடைக்குப் போய் இலவசமாகக் குறியீட்டைப் படிக்கச் சொன்னால், கையில் கிடைப்பது சென்சாரின் விலைச் சீட்டுதான். நான் போன கடையிலும் அதுவே நடந்தது. அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. குறியீட்டைப் படிக்கும் எளிய கருவியை வைத்துக்கொண்டு அதற்கு மேல் ஒருவரும் சொல்ல முடியாது. ஆனால் உப்புப் போட்ட சாலைகளில் இருபது குளிர்காலம் ஓடிய டிரக்கின் புகைக்குழாயிலிருந்து சென்சாரைக் கழற்றுவது விளையாட்டு வேலை அல்ல. 18 மில்லிமீட்டர் மரைகள் துருவோடு ஒட்டிப்போயிருக்கும். வயர் நுழையப் பிளவுள்ள 22 மில்லிமீட்டர் சாக்கெட்டைப் போட்டுத் திருகினால் சென்சாரோடு மரையும் சேர்ந்து உரிந்துவரும் வாய்ப்பு உண்டு. கெடாத சென்சாரைக் கழற்றப் போய்க் குழாயையும் கெடுத்துக்கொள்ளும் அந்த அபாயத்தைக் கணக்கில் எடுத்தால், முதலில் நோயைக் கண்டுபிடிக்கும் கருவிக்குச் செலவழிப்பது நியாயமாகவே படுகிறது.

நிலையாக நிற்கும் குறியீடு எளிது. மின்னழுத்தத்தையும் மின்தொடர்பையும் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு வயரைப் பின்தொடர்ந்தால் அரை நாளில் முடிந்துவிடும். விட்டுவிட்டு வரும் குறியீட்டில், நாம் பார்க்கும் நேரத்தில் எல்லாமே சரியாக இருக்கும். மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தினால் வண்டி ஒழுங்காக ஓடும். வீட்டுக்குத் திரும்பும் வழியில் விளக்கு எரியும். இதற்குக் கணினியின் விதிகளும் ஒரு காரணம். இத்தகைய கோளாறை அது முதல்முறை கண்டதும் விளக்கை எரிப்பதில்லை. நிலுவைக் குறியீடாக மட்டும் குறித்துக்கொள்கிறது. அடுத்த ஓட்டத்திலும் அதே கோளாறு தென்பட்டால்தான் விளக்கு எரியும். பின்னர் தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் கோளாறு இல்லையென்றால் விளக்கைத் தானே அணைத்துவிடும். அதற்குப் பிறகும் குறியீடு, இஞ்சின் 40 முறை குளிர்ந்து சூடாகும் வரை நினைவில் இருக்கும். விளக்கு அணைந்துவிட்டதால் கோளாறு போய்விட்டது என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். விளக்கு எரியாத நாள்களில்தான் நிலுவைக் குறியீடுகளைப் பார்க்க வேண்டும். ஃபோர்ஸ்கேன் அவற்றைக் கேட்காமலே காட்டுகிறது. அதன் முதல் பயன் இது.

இரண்டாவது பயன், குறியீடு பதிவான அந்த நொடியில் வண்டி இருந்த நிலையின் உறைபதிவு. விட்டுவிட்டு வரும் கோளாறில் கையில் கிடைக்கும் ஒரே நேரடிச் சாட்சி இதுதான் என்பது என் உறுதியான கருத்து. இஞ்சின் சுழற்சி, வேகம், குளிர்நீரின் சூடு, இஞ்சின் மீதுள்ள சுமை, இரு வரிசைகளின் எரிபொருள் திருத்தம் (செலுத்தும் எரிபொருளைக் கணினி எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்பது) ஆகியவற்றைக் கணினி ஒரு படம் போலப் பிடித்து வைத்திருக்கும். குறியீட்டை அழித்தால் இதுவும் அழிந்துவிடும். எனவே கடையில் யாராவது, அழித்துவிட்டுப் பார்ப்போம், திரும்ப வருகிறதா என்று தெரியும் என்று சொன்னால், உறைபதிவை எழுதி வைத்துக்கொள்ளும் வரை கருவியைத் தொடவிடாதீர்கள். மிஸ்ஃபயர் (சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் போவது), எரிபொருள் கலவை தொடர்பான குறியீடுகள் பின்னால் வந்தால் அவை முன்னுரிமை பெற்று, ஏற்கெனவே இருக்கும் உறைபதிவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

என் டிரக்கின் உறைபதிவில் மூன்று விவரங்கள் கண்ணில் பட்டன. குளிர்நீர் முழுச் சூட்டில் இருந்தது. எனவே குளிர்ந்த இஞ்சினில் மட்டும் வரும் கோளாறு அல்ல. இரு வரிசைகளின் எரிபொருள் திருத்தமும் சுழியத்தை ஒட்டியே இருந்தது. எனவே கலவையிலோ, புகைக்குழாய்க் கசிவிலோ குற்றமில்லை. மூன்றாவதுதான் முக்கியம். வேகம் குறைவாகவும் இஞ்சின் மீதான சுமை மிக அதிகமாகவும் இருந்தன. நான் வழக்கமாகப் போகும் பாதையில் அத்தகைய இடம் ஒன்றுதான்: கயஹோகா பள்ளத்தாக்கின் அடியிலிருந்து மேலே ஏறும் செங்குத்தான சாலை. அதுவரை மழை, ஈரம், குளிர் என்று யோசித்துக்கொண்டிருந்த மனம், இஞ்சின் பாரம் இழுக்கும்போது எது அசைகிறது என்ற கேள்விக்குத் திரும்பியது.

இங்கே மலிவான அடாப்டர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவற்றின் மூலம், கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய எல்ம்327 என்ற சில்லு. அதன் தொடக்கப் பதிப்பு நகலெடுப்புக்கு எதிரான பாதுகாப்பு இல்லாமல் வெளிவந்ததால், உலகம் முழுவதும் நகல்கள் பெருகின. 1.5 என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் நகல்கள் ஏராளம். அந்த எண்ணில் எல்ம் ஒரு பதிப்பை வெளியிட்டதே இல்லை. 2008 மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களிலும் சிறு டிரக்குகளிலும் கேன் என்ற தகவல் தடம் கட்டாயம் என்பதால், நகல் அடாப்டர்கள் பெரும்பாலும் புதிய வண்டிகளில் ஒருவாறு வேலை செய்துவிடுகின்றன. ஓபிடி 2 கட்டாயமான 1996 முதல் அதுவரை நிறுவனங்கள் வெவ்வேறு நெறிமுறைகளைப் பின்பற்றின. என் டிரக் பேசுவது ஜே1850 பிடபிள்யூஎம் என்ற ஃபோர்டின் பழைய நெறிமுறை. நகல்களில் பலவும் தடுமாறுவது இத்தகைய பழைய நெறிமுறைகளில்தான்: இணைப்பே கிடைக்காது, அல்லது கிடைத்துப் பாதியில் அறுந்துவிடும். வந்து போகும் கோளாறைத் தேடும் கருவியின் இணைப்பே வந்து போனால், பதிவில் விழும் இடைவெளி வண்டியுடையதா கருவியுடையதா என்று பிரித்தறிய முடியாது. பழைய வண்டிக்கு மலிவான கருவி போதும் என்ற பொதுவான எண்ணம் இந்த இடத்தில் உண்மைக்கு நேர்மாறானது. பழைய வண்டிக்குத்தான் நல்ல அடாப்டர் அதிகம் தேவைப்படுகிறது. எம்எக்ஸ் பிளஸ் என் டிரக்கோடு முதல் செருகலிலேயே பேசியது. நீண்ட ஓட்டங்களின் பதிவுகளில் இணைப்பு அறுந்த இடம் ஒன்றையும் நான் காணவில்லை.

மூன்றாவது பயனும், என் பார்வையில் இந்த விலைக்கான முழு நியாயமும், ஓட்டத்தைப் பதிவு செய்வது. இதில் அனுபவம் கற்றுத்தரும் நுணுக்கம் ஒன்று உண்டு. பிடபிள்யூஎம் தடத்தின் வேகம் நொடிக்கு 41.6 கிலோபிட் மட்டுமே. கேன் தடத்தில் வழக்கமாக 500. ஃபோர்ஸ்கேனைத் திறந்ததும் நூற்றுக்கணக்கான அளவீடுகள் பட்டியலில் தெரியும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துப் பதிய ஆசை வரும். அப்படிச் செய்தால் ஒவ்வோர் அளவீடும் சில நொடிகளுக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும். நாம் தேடும் நிகழ்வு இரண்டு புள்ளிகளுக்கு நடுவே விழுந்து காணாமல் போய்விடும். எனவே நான் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்: ஓட்டுநர் பக்கத்து முதல் சென்சாரின் மின்னழுத்தம், அதன் ஹீட்டர் மின்சுற்றில் குறை உண்டா என்று கணினி கருதும் நிலை, இஞ்சின் சுமை, வேகம். இவ்வளவு போதும். மடிக்கணினியை இருக்கைக்குக் கீழே வைத்துப் பதிவைத் தொடங்கிவிட்டு, சாலையை மட்டும் பார்த்து ஓட்ட வேண்டும்; ஓடும்போது திரையைப் பார்ப்பது பெருந்தவறு, பதிவு இருக்கும்போது அதற்குத் தேவையும் இல்லை.

வீட்டுக்கு வந்து வரைபடத்தை விரித்துப் பார்த்தபோது சங்கதி வெளிச்சமாகியது. சமதளத்தில் ஹீட்டர் நிலை குறையின்றி நேர்கோடாக ஓடுகிறது. மேட்டில் சுமையின் கோடு உயர்ந்து, உயரத்திலேயே சில நொடிகள் நிற்கும் இடத்தில், ஹீட்டர் நிலை குறைக்கு மாறுகிறது. மேடு முடிந்து சுமை இறங்கியதும் பழைய நிலைக்கு வருகிறது. அதே பாதையில் திரும்பவும் ஓட்டிய பதிவிலும் அதே இடத்தில் அதே மாற்றம். இன்னொரு செய்தியும் கிடைத்தது: அந்த நேரம் முழுவதும் சென்சாரின் மின்னழுத்தம் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே சுறுசுறுப்பாக ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. கன்வர்ட்டருக்கு முன்னால் உள்ள சென்சார் அப்படித்தான் ஆட வேண்டும். கடையில் மாற்றச் சொன்ன சென்சார், தன் வேலையைக் குறைவில்லாமல் செய்துகொண்டிருந்தது.

இதற்குப் பிறகு அடாப்டர் உதவவில்லை, உதவவும் முடியாது. கணினி எதைப் பார்க்கிறதோ அதைத்தான் அடாப்டர் நமக்குக் காட்டும். எந்த வயர், எந்த இடம் என்று சொல்லாது. அங்கிருந்து வயரிங் வரைபடமும் மல்டிமீட்டரும் சிந்தனையும்தான். முதல் கேள்வி ஃபியூஸ். என் டிரக்கின் வரைபடத்தின்படி நான்கு ஹீட்டர்களுக்கும் மின்சாரம் ஒரே ஃபியூஸைக் கடந்துதான் போகிறது. அது போயிருந்தால் நான்கு ஹீட்டர்களின் குறியீடுகளும் ஒன்றாக வந்திருக்கும், வந்தது ஒன்றுதான். 12 வோல்ட் கொண்டுவரும் வயர் எங்காவது உரசித் தரையைத் தொட்டிருந்தாலும் ஃபியூஸ் எரிந்திருக்கும். மாறாக, ஹீட்டரிலிருந்து கணினிக்குத் திரும்பும் வயர் தரையைத் தொட்டால் ஃபியூஸ் எரியாது. நடுவில் ஹீட்டரின் மின்தடை இருப்பதால் மின்னோட்டம் அளவோடு நிற்கும், ஹீட்டரும் சூடாகிக்கொண்டேயிருக்கும். கணினி மட்டும், தான் துண்டித்த பிறகும் மின்னழுத்தம் ஏறவில்லையே என்று குறியீட்டைப் பதியும். ஃபியூஸ் எரியாமல், சென்சாரும் ஒழுங்காக இயங்கிக்கொண்டு, சுமை ஏறும்போது மட்டும் வரும் கோளாறுக்கு இந்த விளக்கம் கச்சிதமாகப் பொருந்தியது.

சுமைக்கும் வயருக்கும் என்ன தொடர்பு என்றால், முன்னோக்கி இழுக்கும்போது இஞ்சின் தன் ரப்பர் தாங்கிகளின் மேல் சற்றே சாய்ந்து, ஓட்டுநரின் பக்கம் மேலெழும். அந்தப் பக்கத்து வயர்க் கட்டில் போதிய தளர்வு இல்லாமலோ, அது பிடிப்பில்லாமல் தொங்கிக்கொண்டோ இருந்தால், எழும்போதெல்லாம் எங்காவது இழுபடும். இதைச் சோதிக்க இஞ்சின் ஓட வேண்டிய அவசியமில்லை. சூடான புகைக்குழாய்க்கும் சுழலும் விசிறிக்கும் அருகே கையை நீட்டுவதும் வேண்டாம். வண்டி முழுவதும் குளிர்ந்த பிறகு, சாவியை எடுத்துவிட்டு, சென்சாரின் கனெக்டரைக் கழற்றி, வண்டிப் பக்கத்துக் கனெக்டரில் கணினிக்குப் போகும் ஹீட்டர் வயரில் மல்டிமீட்டரின் ஒரு முனையையும் சட்டத்தில் மறுமுனையையும் வைத்துத் இரண்டுக்கும் மின்தொடர்பு இருந்தால் ஒலி எழும்படி அமைத்தேன். சாதாரணமாக ஒலி இல்லை; அதுவே சரி. வயர்க் கட்டை மெல்ல மேலே இழுத்ததும் மீட்டர் ஒலித்தது, விட்டதும் நின்றது. அங்கிருந்து கையால் தடவிக்கொண்டே போனால், கியர்பாக்ஸை ஒட்டிய ஒரு தகட்டுத் தாங்கியின் விளிம்பில் வயரின் மேலுறை தேய்ந்து, அரிசி அளவுக்குச் செம்பு வெளியே தெரிந்தது. அதே தாங்கியில், வயர்க் கட்டைப் பிடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் கிளிப் இருக்க வேண்டிய துளை காலியாக இருந்தது. முன்பு ஒருமுறை வேறோர் ஒர்க்‌ஷாப்பில் புகைக்குழாயின் பின்பகுதியை மாற்றியபோது கழற்றிய கிளிப்பைத் திரும்ப மாட்டவில்லை. ஒரு டாலர்கூடப் பெறாத பொருள் அது.

பழுதுநீக்கத்தைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. வயர் சேதமடைந்தது கனெக்டருக்கு இப்பால், வண்டியின் பக்கம் என்பதால், வெட்டிச் சேர்த்துச் சூட்டில் சுருங்கும் உறை போட்டு, அதற்கு மேல் வெப்பம் தாங்கும் கண்ணாடியிழை உறையையும் இட்டு, புதுக் கிளிப்பில் மாட்டினேன். சேதம் கனெக்டருக்கு அப்பால், சென்சாரோடு சேர்ந்த வயரில் இருந்திருந்தால் பற்றவைப்பை எண்ணியே பார்க்கக் கூடாது. இத்தகைய சென்சார்கள் பலவும் ஒப்பிடுவதற்கான வெளிக்காற்றை வயர் இழைகளின் இடைவெளி வழியாகவே உள்ளே இழுக்கின்றன. ஈயம் உருகி அந்த இடைவெளியை அடைத்தால் நல்ல சென்சாரும் பொய் சொல்லத் தொடங்கும். அங்கே அழுத்திப் பிடிக்கும் இணைப்பு மட்டுமே ஏற்றது. அதே காரணத்தால் சென்சாரின் கனெக்டரில் கிரீஸ் அப்புவதையும், அதன் அருகே சாதாரண சிலிகான் பசை பயன்படுத்துவதையும் தவிர்க்க வேண்டும். சிலிகான் ஆவி சென்சாரின் முனையைப் பாழாக்கிவிடும்.

சரிசெய்த பிறகு உறுதிப்படுத்திக்கொள்வதிலும் இந்த இணை நன்றாக உழைத்தது. குறியீட்டை அழித்துவிட்டு அதே மேட்டில் பதிவோடு ஓட்டினேன்; சுமை உச்சத்தில் நின்றபோதும் ஹீட்டர் நிலையின் கோடு அசையவில்லை. அதற்கும் மேலாக, ஆறாம் முறைமை என்று ஓபிடி விதிகள் குறிப்பிடும் சோதனை முடிவுகளை ஃபோர்ஸ்கேனில் படிக்கலாம். கணினி ஒவ்வொரு தற்சோதனையிலும் பெற்ற எண்ணையும், அது தாண்டக் கூடாத எல்லையையும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். தேறிவிட்டது என்பது மட்டுமல்ல, எவ்வளவு இடைவெளியோடு தேறியது என்பதும் தெரிவதால், எல்லையை உரசிக்கொண்டு நிற்கும் உறுப்பை அது குறியீடாக மாறுவதற்கு முன்பே அடையாளம் காணலாம். தற்சோதனைகள் யாவும் முடிந்தனவா என்ற பட்டியலும் உண்டு; ஆக்சிஜன் சென்சார் ஹீட்டருக்கான வரி முடிந்தது என்று மாறியதைப் பார்த்துவிட்டு ஈ-செக் நிலையத்துக்குப் போனேன், வண்டி தேறியது.

குறைகளுக்கு வருகிறேன். எம்எக்ஸ் பிளஸ்ஸின் விலையில் கணிசமான பகுதி என் டிரக்குக்குப் பயன்படாத வசதிகளுக்கானது. ஃபோர்டின் நடுவேகக் கேன் தடத்தையும், ஜெனரல் மோட்டார்ஸின் ஒற்றை வயர்க் கேன் தடத்தையும் இது தானாகவே அணுகும்; ஆனால் 2003 எஃப்-150இல் அப்படி ஒரு தடமே கிடையாது. வீட்டில் புதிய ஃபோர்டும் இருப்பவருக்கு அது பெரிய வசதி, பழைய டிரக் மட்டும் வைத்திருப்பவருக்கு வெறும் செலவு. சாக்கெட்டில் செருகிய பிறகு முழங்காலுக்கு நேராகச் சற்றே நீட்டிக்கொண்டிருக்கிறது. உயரமானவர்கள் ஏறி இறங்கும்போது தட்டிவிடக்கூடும் என்பதால், வாரக்கணக்கில் செருகியே வைக்க நினைத்தால் ஒரு குட்டை நீட்டிப்பு வயரை வாங்கிக்கொள்வது நல்லது. செருகியே வைப்பதில் பேட்டரிக்குக் கேடில்லை. வண்டி நின்றதும் அடாப்டர் உறக்க நிலைக்குப் போய்விடுகிறது. விட்டுவிட்டு வரும் கோளாறைத் துரத்துபவருக்கு இது சிறிய வசதி அல்ல. இணைக்கும்போது அடாப்டரிலுள்ள பொத்தானை அழுத்தினால்தான் புது கைப்பேசி அதைக் காண முடியும் என்ற ஏற்பாடும் எனக்குப் பிடித்திருக்கிறது. வாகன நிறுத்துமிடத்தில் அந்நியர் ஒருவர் உங்கள் வண்டியின் கணினியோடு பேசிவிட முடியாது.

ஃபோர்ஸ்கேனின் குறை அதன் முகப்பு. சுருக்கெழுத்துகளும் சின்னஞ்சிறு படங்களுமாக, மெக்கானிக்கின் மேசை அலமாரியைத் திறந்ததுபோல் அல்லாமல், மின்பொறியாளர்களுக்காக எழுதப்பட்ட ஆவணமாகவே அது முதல் பார்வைக்குத் தெரியும். எந்த அளவீடு எதைக் குறிக்கிறது என்று தேடிப் பழகச் சிறிது பொறுமை வேண்டும். ஆனால் விண்டோஸ் பதிப்பில், மேலே சொன்ன குறியீடுகள், உறைபதிவு, ஓட்டப் பதிவு எல்லாம் இலவசம் என்பதை மறந்துவிடக் கூடாது. ஓபிடிலிங்க் தரும் கைப்பேசிச் செயலியும் இலவசம்தான்; குறியீடுகளையும் பொதுவான அளவீடுகளையும் அது தெளிவான தோற்றத்தில் காட்டுகிறது, என்றாலும் ஃபோர்டுக்கே உரிய ஹீட்டர் நிலை போன்ற வரிகளுக்கு ஃபோர்ஸ்கேனைத்தான் நாட வேண்டும். டொயோட்டாவோ ஷெவ்ரலேயோ வைத்திருப்பவர்களுக்கு ஃபோர்ஸ்கேன் உதவாது. அடாப்டர் உதவும், மென்பொருளைத் தங்கள் வண்டிக்கு ஏற்ப வேறாகத் தேட வேண்டும்.

யாருக்குப் பரிந்துரைப்பேன் என்று கேட்டால், 1996 முதல் 2007 வரையிலான டிரக்கோடு புதிய வண்டியும் வைத்திருந்து, இரண்டையும் தானே கவனித்துக்கொள்பவருக்கு எம்எக்ஸ் பிளஸ்ஸைத் தயக்கமின்றிச் சொல்வேன். பழைய ஃபோர்டு ஒன்று மட்டுமே இருந்து, மடிக்கணினியும் இருந்தால், அதே நிறுவனத்தின் யுஎஸ்பி வயரோடு வரும் ஓபிடிலிங்க் இஎக்ஸ் போதும்; விலை வெகுவாகக் குறைவு, வயரில் இணைவதால் பதிவு அறுபடும் கவலையும் இல்லை. எதை வாங்கினாலும் அதோடு, தொடர்பு ஒலி எழுப்பும் சாதாரண மல்டிமீட்டர் ஒன்றையும், உங்கள் மாடலுக்கான வயரிங் வரைபடத்தையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளுங்கள். ஒஹாயோவின் பல பொது நூலகங்களில் உறுப்பினர் அட்டையைக் கொண்டு பழுதுபார்ப்பு வரைபடங்களை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம் என்பதால், வரைபடத்துக்குக் காசு கொடுக்கும் முன் உங்கள் ஊர் நூலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.